வாயில்லா உயிருக்கு நாம் இடும் கவளம்

தமிழ்ப் பாடசாலையின் ஆண்டுவிழா மலரிலே நாயின் உணவைப் பற்றி ஒரு கட்டுரையா என வாசகர் சிலர் வியப்புறக்கூடும். மொழியின் தொன்மை, பண்பாட்டின் பெருமை, புலம்பெயர்ந்த மண்ணிலே பிள்ளை வளர்ப்பு ஆகியவற்றைப் பற்றி எழுதுவதே இத்தகைய மலர்களின் மரபு. ஆயினும் எமது இல்லத்தில் நிகழ்ந்த ஒரு சம்பவம், இம்மூன்றும் ஒரு சிறு நாயின் உணவுத் தட்டிலே வந்து சந்திக்கக்கூடும் என்பதை எமக்கு உணர்த்தியது. அதனைப் பெற்றோருடனும் பெரியோருடனும் பகிர்ந்துகொள்வது பயன் தரும் என எண்ணியே இதனை எழுத முற்பட்டோம்.

எமது தாயார் யாழ்ப்பாணத்திலே வீமன் என்ற நாயை வளர்த்தவர். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் யாவரும் வீடு வாசலை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, வீமனின் சங்கிலியைக் கழற்றிவிட்டு, பானையில் எஞ்சியிருந்த சோற்றை அதற்கு வைத்துவிட்டுத்தான் அவர் படலையைத் தாண்டினார். அதன் பின்னர் வீமனை அவர் காணவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின் இலண்டனில் எமது மகளின் விருப்பத்திற்கிணங்க ஆறு கிலோ எடையுள்ள மணி என்ற சிறு நாய் எமது வீட்டுக்கு வந்தபோது, அதற்குத் தம் கையால் உணவிடுவதில் அவர் கொண்ட ஆர்வத்தின் காரணத்தை நாம் அறிந்திருந்தோம். அதனாலேயே தடுக்கவுமில்லை.

ஓராண்டு தைப்பொங்கலுக்கு மறுநாள் பட்டிப் பொங்கல். ஊரிலே மாட்டைக் குளிப்பாட்டி, மாலையிட்டு, பொங்கலை ஊட்டும் நாள். இலண்டன் மாடிக் குடியிருப்பிலே மாடு ஏது? "இந்த வீட்டிலை இருக்கிற வாயில்லாச் சீவன் இதுதானே" என்று கூறி, முந்திரிகை வற்றலும் கசுவும் நிறைந்த சர்க்கரைப் பொங்கலை எமது தாயார் மணிக்கு உருட்டி உருட்டி ஊட்டினார். அன்று மாலையே மணி வாந்தியெடுத்தது. மறுநாள் தண்ணீரும் அருந்தாது மூலையில் சுருண்டு கிடந்தது. மிருக வைத்தியரிடம் கொண்டு சென்றபோது அவர் கேட்ட முதற் கேள்விகளுள் ஒன்று, "திராட்சையோ அதன் வற்றலோ தின்றதா?" என்பதாகும். இரத்தப் பரிசோதனையிலே சிறுநீரகங்கள் பழுதுறத் தொடங்கியிருப்பது தெரிந்தது. மூன்று நாட்கள் நாளத்தின் வழியே திரவம் ஏற்றிய பின்னரே மணி பிழைத்தது. மிகவும் அருமையாகவே பிழைத்தது என்றார் வைத்தியர்.

"எனக்கு ஆரும் சொல்லேல்லையே, பிள்ளை" என்பதே எமது தாயார் அன்று திரும்பத் திரும்பக் கூறிய வாக்கியம். அவ்வாக்கியத்துக்கு நாம் மறுமொழி சொல்ல இயலாது நின்றோம்.

நஞ்சாகும் உணவுகள்

ஒருவருக்கு அமுதமாவது மற்றொருவருக்கு நஞ்சாகலாம். மனித உடலும் நாயின் உடலும் உண்ட பொருளைக் கையாளும் முறையில் வேறுபடுகின்றன. எமது சமையலறைகளில் நாளாந்தம் புழங்கும் பொருட்களுள் நாய்க்குத் தீங்கு விளைப்பவை எவை என்பதை முதலில் காண்போம்.

முந்திரிகைப் பழமும் அதன் வற்றலும் நாயின் சிறுநீரகத்தைத் தாக்கும். பொங்கல், பாயாசம், கேசரி, பிறந்தநாட்களுக்கு வெட்டும் ரிச் கேக் என எமது கொண்டாட்டப் பண்டங்கள் பலவற்றிலும் நாம் 'பிளம்ஸ்' என்று கூறும் வற்றல் உண்டு. எத்தனை தின்றால் ஆபத்து என வைத்தியர்களால் எல்லை வகுக்க முடியவில்லை. ஒரு நாய் பல பழங்களைத் தின்றும் நலமாயிருக்க, மற்றொன்று சிலவற்றைத் தின்றே மடிகின்றது. இவ்வாபத்துப் பற்றி வைத்திய உலகம் பரவலாக அறியத் தொடங்கியதே 2001ஆம் ஆண்டளவிலாகும். எனவே, ஊரிலே நாய் வளர்த்த எமது தாயார் அறியாதிருந்தது குற்றமாகாது. அன்று வைத்தியர்களுள்ளும் பெரும்பாலோர் அறிந்திருக்கவில்லை.

இதற்குக் காரணமான பொருள் எது என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. 2021ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விலங்கு நஞ்சுக் கட்டுப்பாட்டு நிலையத்தைச் சேர்ந்த வைத்தியர்கள் ஒரு விளக்கத்தை முன்வைத்தனர். பிள்ளைகள் விளையாடுவதற்காக வீட்டிலே பிசைந்த மாவைத் தின்ற நாயொன்றுக்கும் இதே சிறுநீரகப் பழுது ஏற்பட்டது. அம்மாவிலே முந்திரிகை இருக்கவில்லை. தாத்தாரிக் அமிலத்தின் உப்பு இருந்தது. முந்திரிகையிலும் அவ்வமிலம் மிகுதி. ஆகவே அதுவே காரணமாகலாம் எனக் கருதினர். 2022ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட கட்டுரை தமிழர் யாவரும் கவனிக்கத் தக்கது. அவ்வமிலம் நிறைந்த மற்றொரு பொருளைத் தின்ற நாய்களுக்கும் அதே பழுது நேர்ந்ததை அது எடுத்துரைத்தது. அப்பொருள் வேறொன்றுமன்று, நாம் நாள்தோறும் குழம்பிலும் இரசத்திலும் கரைத்து ஊற்றும் பழப்புளியேயாகும்.

அடுத்தது வெங்காயமும் உள்ளியும். இவை நாயின் இரத்தத்திலுள்ள செங்கலங்களைச் சிதைத்துச் சோகையை உண்டாக்கும். பச்சையாயினும், வதக்கினாலும், பொரித்தாலும், உலர்த்தித் தூளாக்கினாலும் அத்தீமை நீங்குவதில்லை. நாயின் உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 15 முதல் 30 கிராம் வரை வெங்காயம் சென்றால் இரத்தத்தில் மாற்றம் காணப்படும் என்பர். 5 கிலோ நாய்க்கு ஒரு சிறிய வெங்காயமே போதும். உள்ளி அதனினும் வலியது. நாள்தோறும் சிறிது சிறிதாகச் செல்வதும் சேர்ந்து தீங்காகலாம். அறிகுறிகள் தோன்றச் சில நாட்கள் ஆவதால், திங்கட்கிழமை வைத்த கறிச்சோற்றையும் வெள்ளிக்கிழமை தோன்றும் சோர்வையும் எவரும் தொடர்புபடுத்துவதில்லை.

சொக்கலேற்றில் உள்ள தியோபுரோமின் என்ற பொருளை மனித உடல் விரைவில் வெளியேற்றிவிடும். நாயின் உடலிலோ அதன் பாதியளவு நீங்கவே ஏறக்குறைய பதினேழு மணித்தியாலங்கள் செல்லும். அதனால் வாந்தி, அமைதியின்மை, இதயத் துடிப்பின் வேகம், மிகுந்தால் வலிப்பு என்பன தோன்றும். 5 கிலோ நாய்க்குப் பாற்சொக்கலேற் ஐம்பது கிராம் அளவிலேயே தொல்லை தொடங்கக்கூடும். கறுப்புச் சொக்கலேற்றாயின் அதில் மூன்றிலொரு பங்கே போதும். சில வேளைகளில் அதனினும் குறைவு. தேயிலையும் கோப்பியும் இதே இனத்தைச் சேர்ந்தவையே.

இக்காலத்திலே புதிதாய் வந்துள்ள பேராபத்து சைலிற்றோல் என்னும் இனிப்பூட்டி. நீரிழிவுக்கு அஞ்சிச் சீனியைக் குறைக்கும் எமது இல்லங்களில் இது பல வடிவங்களில் புகுந்துள்ளது. சீனியற்ற சூயிங்கம், வாய்மணக்கும் மிட்டாய், பற்பசை, சில வகை நிலக்கடலைப் பசை ஆகியவற்றில் இதனைக் காணலாம். பொதியின் மேல் ஈ-967 என்ற குறியெண்ணாலும் இது குறிக்கப்படும். மனிதருக்கு இதனால் கேடில்லை. நாயின் உடலோ இதனைக் கண்டதும் இன்சுலினைப் பெருமளவில் சுரக்க, அரை மணித்தியாலத்திலேயே இரத்தத்தின் சீனி மட்டம் வீழ்ந்து நாய் தள்ளாடி விழக்கூடும். ஒரு கிலோ எடைக்கு 0.1 கிராம் அளவிலேயே இது நிகழலாம். அளவு மிகுந்தால் ஈரலும் செயலிழக்கும். அம்மப்பாவின் சட்டைப் பையிலிருந்து விழும் ஒன்றிரண்டு சூயிங்கம் ஒரு சிறு நாயின் உயிருக்கு உலை வைக்கப் போதுமானவை.

இவை தவிர மக்கடேமியா என்ற பருப்பு பின்னங்கால்களைத் தளர்த்தும். மதுபானமும், ஈஸ்ற் சேர்த்துப் புளிக்க வைத்த பச்சை மாவும் ஆகா. அம்மா இரைப்பையிலே மேலும் பொங்கி மதுசாரத்தை உண்டாக்கும். வேக வைத்த எலும்பு பிளந்து குடலைக் கிழிக்கலாம். பூஞ்சணம் பிடித்த உணவு நடுக்கத்தையும் வலிப்பையும் தரவல்லது. நாயின் வயிற்றில் நெய் தங்காது என்பது ஊர் வழக்கு. இரகசியம் காக்காதாரை ஏளனம் செய்யவே அதனைக் கூறினும், கொழுப்பு மிகுந்த உணவு நாயின் கணையத்தை அழற்சியுறச் செய்யும் என்னும் இன்றைய வைத்தியக் கூற்றுடன் அது ஒத்துப்போவதை எண்ணி வியக்கிறோம்.

"ஊரிலே நாய்கள் வாழவில்லையா?"

இவற்றைக் கூறும்போதெல்லாம் பெரியவர்கள் ஒரு கேள்வி கேட்பர். "நாங்கள் தின்ற மிச்சத்தைத்தானே ஊர் நாய்களும் தின்றன. அவை வாழவில்லையா?" என்பர். நியாயமான கேள்வியே. அதனை எள்ளி நகையாடுதல் தகாது.

முதலாவதாக, சோறு குற்றமற்றது. ஓநாயிலிருந்து நாய் பிரிந்து மனிதனோடு வாழத் தொடங்கியபோது மாப்பொருளைச் செரிக்கும் ஆற்றலையும் அது பெற்றுக்கொண்டது என்பதைச் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2013ஆம் ஆண்டில் மரபணு வாயிலாக நிறுவினர். ஆகவே எமது முன்னோர் நாய்க்குச் சோறிட்டது பிழையன்று. ஊர் நாய்க்குக் கிடைத்ததிற் பெரும்பங்கு வெறுஞ் சோறும் மீன் தலையுமேயாகும். குழம்பு சட்டியின் அடியில் ஒட்டியிருந்த அளவே. அந்நாய்களும் பதினைந்து, இருபது கிலோ எடையுள்ளவை. சொக்கலேற்றும் சைலிற்றோலும் அங்கு இருந்தனவுமல்ல.

இரண்டாவதாக, வாழ்ந்த நாய்களையே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். கோடிப்புறத்தில் நாலு நாள் சோர்ந்து கிடந்து மாண்ட நாயைப் பற்றி "பாம்பு தீண்டியிருக்கும்" என்றோ "ஏதோ வருத்தம்" என்றோ கூறிவிட்டுக் குழி தோண்டினோம். எதனால் மாண்டது என ஆராய அங்கு வழியேதும் இருக்கவில்லை.

எச்சில் உணவு கொடுப்பது எமக்கு மட்டும் உரிய பழக்கம் என்று நாணவும் வேண்டியதில்லை. இதே இலண்டன் நகரிலும் முன்னர் நாய்கள் மனிதர் கழித்ததையே தின்றன. 1860களில் ஜேம்ஸ் ஸ்பிராற் என்ற அமெரிக்கர் இங்கு நாய் பிஸ்கற் செய்து விற்கத் தொடங்கியதன் பின்னரே நாய்க்கெனத் தனி உணவு என்ற வழக்கம் பரவியது. அவரது நிறுவனத்தின் பெரிய தொழிற்சாலைக் கட்டடம் கிழக்கு இலண்டனில் பொப்லர் பகுதியிலே, லைம்ஹவுஸ் கால்வாய்க் கரையில் இன்றும் நிற்கின்றது. இப்போது அது குடியிருப்பாகவும் கலைக்கூடங்களாகவும் மாறியுள்ளது. அந்நிறுவனத்திற் பணியாற்றிய சார்ள்ஸ் கிறவ்ற் என்பவரே 1891ஆம் ஆண்டில் இஸ்லிங்ரனில் தமது பெயரால் புகழ்பெற்ற நாய்க் கண்காட்சியை முதன்முதலில் நடத்தியவர். ஆங்கிலேயரும் கற்றுக்கொண்டே மாறினர். நாமும் கற்றுக்கொள்ளலாம்.

ஒரு சொல் இல்லாமையால்

இனி இக்கட்டுரையின் மையக் கருத்துக்கு வருகிறோம். மணிக்குப் பொங்கல் ஊட்டப்பட்ட வேளையில் எமது ஒன்பது வயது மகள் அருகில்தான் நின்றாள். முந்திரிகை வற்றல் நாய்க்கு நஞ்சு என்பதை அவள் ஆங்கிலப் பாடசாலையிலே கற்றிருந்தாள். "அம்மம்மா, கூடாது!" என்று இருமுறை கூறியும் இருக்கிறாள். கூடாது என்பது எமது வீட்டிலே நாளொன்றுக்கு நூறு தடவை ஒலிக்கும் சொல். சப்பாத்தோடு உள்ளே வரக்கூடாது, சாப்பிடும்போது தொலைக்காட்சி பார்க்கக்கூடாது என அம்மம்மா அவளுக்குக் கூறுவதும் அதுவே. பேர்த்தி விளையாட்டாகத் திருப்பிச் சொல்கிறாள் என எண்ணி அவர் சிரித்துவிட்டு மேலும் ஓர் உருண்டையை ஊட்டினார்.

நஞ்சு என்ற சொல் எமது மகளுக்குத் தெரியாது. சிறுநீரகம் என்ற சொல்லும் தெரியாது. "நஞ்சு, அம்மம்மா!" என்று ஒரே ஒரு சொல் அவள் வாயிலிருந்து வந்திருப்பின் அந்தக் கை அக்கணமே நின்றிருக்கும். வாரந்தோறும் சனிக்கிழமை அவளைத் தமிழ்ப் பாடசாலைக்கு அழைத்துச் செல்பவர்கள் நாம். பேச்சுப் போட்டிக்கு மூன்று பக்கம் மனனம் செய்வித்தவர்களும் நாமே. மேடையிலே மொழியின் சிறப்பை முழங்கும் பிள்ளைக்குத் தன் அம்மம்மாவை எச்சரிக்கும் சொல் இல்லாது போயிற்று.

இப்பிழையைப் பிள்ளை மேலும் பாடசாலை மேலும் சுமத்த நாம் விரும்பவில்லை. வீட்டிலே அச்சொற்களைப் பயன்படுத்தாதவர்கள் பெற்றோராகிய நாமே. நாயைப் பற்றிய அறிவுரைகள் யாவும் ஆங்கிலத்தில் அச்சாகி வைத்தியரின் மேசையிலே கிடக்கின்றன. சமையலோ தமிழிலே நடக்கின்றது. இவ்விரண்டுக்கும் இடையே பாலமாக நிற்கக்கூடியவர்கள் எமது பிள்ளைகள் மட்டுமே. அவர்களுக்கு உயிர் காக்கும் சொற்களைக் கற்பிப்பது இலக்கியம் கற்பிப்பதற்கு எவ்விதத்திலும் தாழ்ந்ததன்று. நஞ்சு, ஆபத்து, ஒவ்வாமை, மயக்கம், வலிப்பு, மூச்சுத்திணறல் முதலிய சொற்கள் நாய்க்கு மட்டும் பயன்படுவன அல்ல. நாளை அம்மம்மாவே மயங்கி விழும்போதும் பிள்ளைக்கு அவை வேண்டும்.

செய்யத் தக்கவை

எனவே பெற்றோர் முன்னும் ஆசிரியர் முன்னும் சில வேண்டுகோள்களை வைக்கிறோம்.

ஆண்டில் ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்கலாம். நாய்க்கு ஆகாத உணவுகளின் பட்டியலைப் பிள்ளைகள் தம் கையாலேயே தமிழில் எழுதி, படம் வரைந்து, வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டட்டும். முந்திரிகை, பிளம்ஸ், புளி, வெங்காயம், உள்ளி, சொக்கலேற், சூயிங்கம், சமைத்த எலும்பு என எட்டுச் சொற்களே போதும். நாய் வளர்க்காத வீட்டுப் பிள்ளைகளுக்கும் இது வேண்டியதே. விருந்துக்குச் செல்லும் வீட்டிலே நாய் இருக்கலாம். பறவைக்கென நாம் பூங்காவில் எறியும் கறியெலும்பையும், காகத்துக்கென வேலியோரம் வைக்கும் படையலையும் அயலவரின் நாய் வந்து தின்னலாம்.

நாய் ஆகாததைத் தின்றுவிட்டால் அறிகுறி தோன்றும்வரை காத்திருத்தல் ஆகாது. எதைத் தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு, நாயின் எடை என்ன என்பவற்றைக் குறித்துக்கொண்டு, பொதியுறையையும் எடுத்துக்கொண்டு, உடனே மிருக வைத்தியரை அழைத்தல் வேண்டும். முந்திரிகையைத் தின்ற நாயைச் சில மணித்தியாலங்களுக்குள் கொண்டு சென்றால் வாந்தியெடுக்கச் செய்தே காப்பாற்ற முடியும். வீட்டிலே உப்புக் கரைசலைப் பருக்கி வாந்தியெடுக்க வைக்க முயலலாகாது. உப்பும் நாய்க்கு நஞ்சே. கால்நடை நஞ்சுத் தகவற் சேவை நடத்தும் 'அனிமல் பொய்சன்லைன்' என்ற தொலைபேசிச் சேவையும் இரவு பகலாக, கட்டணத்துடன் ஆலோசனை வழங்குகின்றது. வைத்தியச் செலவுக்கு அஞ்சித் தயங்குவோரும் உண்டு. எமக்கும் அச்செலவு பெருஞ்சுமையாகவே இருந்தது. வறியோரின் விலங்குகளுக்கெனக் கிழக்கு இலண்டன் வைற்சப்பலில் 1917ஆம் ஆண்டிலே மரியா டிக்கின் அம்மையார் தொடங்கிய மருந்தகம் இன்று பி.டி.எஸ்.ஏ. என்ற பெயரில் நாடளாவிய அறநிலையமாக வளர்ந்துள்ளது. அரச உதவிப்பணம் பெறுவோருள் தகுதியுடையோருக்கு அது கைகொடுக்கின்றது.

சட்டத்தையும் நினைவிற் கொள்ளுதல் நன்று. இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் உரிய 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், வளர்க்கும் விலங்குக்குத் தகுந்த உணவு அளிப்பதைக் கடமையாக்கியுள்ளது. பதினாறு வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் நாய்க்கு, அப்பிள்ளையைப் பராமரிக்கும் பெரியவரே சட்டத்தின் முன் பொறுப்பாளி. பிள்ளை கேட்டதற்காக நாயை வாங்கிக் கொடுத்துவிட்டோம் என்று நாம் கைகழுவ முடியாது.

யாவற்றிலும் முக்கியமானது ஒன்றுண்டு. இவற்றைப் பெரியவர்களுக்குக் கூறும்போது குற்றஞ்சாட்டும் தொனியில் கூறலாகாது. தன்னுடன் வந்த நாயை விட்டுச் சுவர்க்கம் புக மறுத்த தருமரின் கதையைச் சொல்லி எம்மை வளர்த்தவர்கள் அவர்கள். அவர்கள் இடும் கவளத்திலே அன்பன்றி வேறொன்றும் இல்லை. மணி வீடு திரும்பிய பின்னர் எமது தாயார் பல மாதங்கள் அதனைத் தொடவே அஞ்சினார். அது வாலையாட்டிக்கொண்டு அவரது காலடியில் வந்தமர, அவர் கைகளை மடியிலே கட்டிக்கொண்டு அப்பால் பார்த்திருப்பார். நாய் பிழைத்ததைக் காட்டிலும் அக்கை மீண்டும் நீள வேண்டுமே என்பதே எமக்கு அந்நாட்களில் பெருங்கவலையாயிருந்தது.

அடுத்த ஆண்டு பட்டிப் பொங்கலன்று, பானையிலே சர்க்கரையும் பாலும் பிளம்ஸும் இடுவதற்கு முன்பாக, குழைந்த வெறும் பச்சையரிசிச் சோற்றில் ஒரு கைப்பிடியை எமது மகள் தனிக் கிண்ணத்தில் எடுத்து ஆறவைத்தாள். அதை அம்மம்மாவிடம் நீட்டி, "இதிலை நஞ்சு இல்லை, அம்மம்மா. நீங்களே குடுங்கோ" என்றாள். எமது தாயார் சிறிது நேரம் அக்கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் ஒரு சிறு உருண்டை உருட்டினார்.

இம்முறையை இலண்டன் வாழ் தமிழ் இல்லங்கள் யாவும் கைக்கொள்ளலாம். சுவையூட்டுமுன் ஒரு பிடி எடுத்து வைப்பதால் எமது மரபுக்கு ஒரு குறையும் நேராது. கூடவே அந்தச் சொற்களையும் எமது பிள்ளைகளுக்குக் கொடுப்போமாக.